சுரங்கம் மூடி கால் நூற்றாண்டு: தேய்ந்து வரும் தங்கவயல் தமிழ் வகுப்புகள்

புதுதில்லி: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டு கால் நூற்றாண்டு ஆகிறது. சுரங்கத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன; உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் வந்தன; திரைப்படங்களும் வெளிவந்தன. ஆனால், அந்தச் சுரங்கங்களை நம்பி வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் பேரப் பிள்ளைகள் படிக்கும் சிறிய உயர்நிலைப் பள்ளிகளின் நிலை பற்றி தலைநகரில் பேசுவோர் குறைவு.

ஸ்கெலட்டன், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம் எனச் சுரங்கத்தோடு தொடர்புடைய பெயர்களைத் தாங்கிய குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களுக்கு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெறும் மதிப்பெண் பட்டியல் அல்ல. பிள்ளை பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போவதா, கல்லூரிக்குப் போவதா என்பதை முடிவு செய்யும் இடம் அது. அந்த முடிவில் மாணவனின் உழைப்புக்கும் ஆசிரியரின் உழைப்புக்கும் இருக்கும் பங்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு தில்லியிலும் பெங்களூரிலும் எடுக்கப்பட்ட முடிவுகளுக்கும் உண்டு.

நிறுவனத்தின் நிழலில் வளர்ந்த ஊர்: ஜான் டெய்லர் அண்ட் கம்பெனி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1880-ல் இங்கு சுரங்கப் பணியைக் கையில் எடுத்தது. பழைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களில் இருந்தும் சித்தூர் பகுதியில் இருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற தலித் மக்கள். ஊரில் கிடைக்காத கூலியும், ஓரளவு சாதிக் கொடுமையில் இருந்து விடுதலையும் இங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களை இழுத்து வந்தது. தட்டி வீடுகளில் தொடங்கி, பின்னர் வரிசை வரிசையான "லைன்" வீடுகளாக ஊர் வளர்ந்தது. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய இடங்களில் மாரிக்குப்பமும் ஒன்று. தமிழ் படிப்பதும், பத்திரிகை நடத்துவதும், சங்கம் வைப்பதும் இங்கு சுரங்க வேலையோடு சேர்ந்தே நடந்தன.

1902-ல் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்தின் மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது கோலார் தங்கவயலுக்குத்தான். பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்குப் பிறகு, 1905-ல். ஊரின் மின்சாரம், குடிநீர், மருத்துவமனை, வீடு, விளையாட்டுத் திடல் எல்லாமே சுரங்க நிர்வாகத்தைச் சுற்றியே அமைந்தன. பிள்ளைகளின் படிப்பும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது.

1956-ல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-ல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தை நாட்டுக்குத் தந்த இந்தச் சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு மூடப்பட்டன. சுமார் 3 கி.மீ. ஆழத்துக்கும் கீழே இறங்கி வேலை செய்த தொழிலாளர்கள், பணிமுடிவுச் சிறப்புத் தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

சம்பளம் நின்றபோது அதனோடு நின்றவை பல. ஊரின் தண்ணீர், மின்சாரம், துப்புரவு, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அன்று எழுந்தது. நிறுவனம் மத்திய அரசுக்குச் சொந்தம். கல்வி மாநில அரசின் நிர்வாகத்தில் இருப்பது. மொழிச் சிறுபான்மையினரின் உரிமை அரசியல் சட்டப்படி குடியரசுத் தலைவர் வரை செல்வது. மூன்று இடங்களில் பொறுப்பு இருப்பதால், எந்த ஓர் இடத்திலும் பதில் கிடைப்பதில்லை.

தந்தை ரயிலில், பிள்ளை வகுப்பில்: சுரங்கம் மூடப்பட்ட பிறகு ஊரின் பிழைப்பு பெங்களூருக்குப் போகும் ரயிலில்தான் இருக்கிறது. மாரிக்குப்பத்தில் இருந்து பங்காருப்பேட்டை வழியாக ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புகின்றனர். கட்டட வேலை, காவல் பணி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, கடை, அலுவலக உதவியாளர் பணி என வேலைகள் பலவகை. போக 100 கி.மீ., வர 100 கி.மீ. பொழுது விடியும் முன் வீட்டை விட்டுக் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்பும் பெற்றோருக்கு, பள்ளியின் பெற்றோர் கூட்டம் எந்த நாளில் நடந்தாலும் அது ஒரு நாள் கூலியை இழக்கும் நாள்.

இத்தகைய வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து வைத்து, சமைத்து முடித்த பின்பே புத்தகத்தைத் திறக்க முடியும். பத்தாம் வகுப்பு மாணவனுக்கோ, அதே ரயிலில் ஏறினால் அன்றைக்கே கூலி கிடைக்கும் என்ற நிலை கண்ணெதிரே நிற்கிறது. படிப்பு பிறகு தரக்கூடிய பலனுக்கும், வேலை இன்று தரும் பணத்துக்கும் இடையே ஒரு 15 வயதுப் பிள்ளை தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த வயதில் இப்படி ஒரு தீர்மானமே தேவைப்படுவதில்லை.

தேர்ச்சி விகிதம் சொல்வதும் சொல்லாததும்: கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு 625 மதிப்பெண்களுக்கு நடைபெறுகிறது. முதல் மொழிக்கு 125. மற்ற இரு மொழிகளுக்கும் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கும் தலா 100. தமிழை முதல் மொழியாக எடுத்துப் படிக்கவும், பிற பாடங்களைத் தமிழ் வழியில் எழுதவும் இடம் உண்டு. மாநிலப் பாடநூல் சங்கம் கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி, இந்தி ஆகிய மொழிகளிலும் நூல்களை வெளியிடுகிறது. சட்டத்தின் ஏட்டில் கதவு திறந்தே இருக்கிறது.

ஆண்டுதோறும் முடிவு வெளியானதும் மாவட்ட வாரியாகவும் பள்ளி வாரியாகவும் தேர்ச்சி விகிதம் கணக்கிடப்படுகிறது. குறைந்த விகிதம் பெற்ற பள்ளித் தலைமை ஆசிரியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது வழக்கம். இந்தக் கணக்கில் சிறிய பள்ளிக்கு இழைக்கப்படும் அநீதி பலர் கவனத்துக்கு வருவதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியில் 12 பேர் தேர்வு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 9 பேர் தேர்ச்சி பெற்றால் விகிதம் 75. மறு ஆண்டில் 7 பேர் தேர்ச்சி பெற்றால் அது 58 ஆகிவிடும். இரண்டே பிள்ளைகள், 17 சதவீதப் புள்ளிகள் சரிவு. அந்த இரண்டு பேரில் ஒருவர் அம்மைக் காய்ச்சலில் படுத்திருக்கலாம். மற்றவர் தந்தையை இழந்து வேலைக்குப் போயிருக்கலாம். 300 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் இரண்டு பேர் தவறினால் ஒரு சதவீதம்கூட குறையாது. இரு பள்ளிகளையும் ஒரே பட்டியலில் வைத்து, மேலே இருப்பது நல்ல பள்ளி, கீழே இருப்பது கெட்ட பள்ளி என்று முத்திரை குத்துவது கணக்கு அறிந்தவர் செய்யும் காரியம் அல்ல.

மாநிலத்தின் மொத்த விகிதமே நிலையாக இல்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. கரோனா காலமான 2021-ல் கிட்டத்தட்ட எல்லோருமே தேர்ச்சி பெற்றனர். 2022-ல் 85.63 சதவீதம், 2023-ல் 83.89 சதவீதம், 2024-ல் 73.40 சதவீதம். தேர்வு அறைகளில் காமிரா பொருத்தி நேரலையில் கண்காணிக்கும் முறை 2024-ல் வந்தது. அந்த ஆண்டின் விகிதமும் கருணை மதிப்பெண்களை உயர்த்திய பிறகே கிடைத்தது. 2025-ல் கருணை மதிப்பெண் விலக்கப்பட்டபோது விகிதம் சுமார் 66 ஆனது. 2025 அக்டோபரில் தேர்ச்சிக்கான மதிப்பெண் வரம்பு 35 சதவீதத்தில் இருந்து 33 ஆகக் குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. விதி மாறினால் விகிதம் மாறும். ஆனால், எட்டாம் வகுப்புக்கு வரும்போதே பின்னத்தைக் கூட்டத் தெரியாத பிள்ளையின் நிலை எந்த விதியாலும் மாறுவதில்லை.

நூலிழையில் நிற்கும் எண்ணிக்கை: மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகள் பற்றி தில்லியில் வகுக்கப்பட்ட விதிகள் பழமையானவை. 1949 ஆகஸ்டில் நடந்த மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் முடிவுப்படி, தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளி முழுவதிலும் 40 பேர் இருந்தால், அவர்கள் மொழியில் கற்பிக்க ஆசிரியர் நியமிக்கப்பட வேண்டும். மாநிலச் சீரமைப்பை ஒட்டி 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்து தருமாறு அது மாநிலங்களைப் பணிக்கிறது. மேல்நிலையைப் பொருத்தவரை, கடைசி நான்கு வகுப்புகளில் 60 பேர், வகுப்புக்கு 15 பேர் என்ற அளவு பின்னர் ஏற்கப்பட்டது.

இந்த எண்கள் புதிய வசதியைக் கேட்டுப் பெறுவதற்காக ஏற்பட்டவை. ஆனால், மாணவர் எண்ணிக்கை குறையும் ஊரில் அவை வேறு விதமாக வேலை செய்கின்றன. வகுப்பில் 15 பேர் 11 ஆகும்போது, ஓய்வுபெறும் ஆசிரியர் இடத்தில் புதியவர் வருவதில்லை. கணித ஆசிரியர் இல்லை என்பதால் அடுத்த ஆண்டு 11 பேர் 7 ஆகின்றனர். மாணவர் இல்லை என்பதால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லை என்பதால் மாணவர் இல்லை. இந்தச் சுழலில் ஒரு வகுப்பு மூடப்படுவதற்கு யாரும் ஆணை பிறப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. அது தானாகவே மூடிக்கொள்கிறது.

தமிழ் வழியில் கணிதமோ அறிவியலோ கற்பிக்கும் ஆசிரியரைக் கர்நாடகத்தில் தேடிப் பிடிப்பதும் எளிதல்ல. அவர் தமிழில் பாடம் நடத்தத் தெரிந்தவராகவும், மாநிலத்தின் ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றவராகவும், கன்னடம் அறிந்தவராகவும் இருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்து ஆசிரியராவோர் குறையக் குறைய, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆள் இல்லாமல் போகிறது.

பத்தாம் வகுப்புக்குப் பின் படிக்கட்டு இல்லை: கர்நாடகத்தில் பி.யு.சி. எனப்படும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் நடைபெறுகின்றன. பத்தாண்டுகள் தமிழில் கணிதமும் அறிவியலும் கற்ற பிள்ளை, கோடை விடுமுறை முடிந்து திரும்பும்போது, இயற்பியலை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறது. "முடுக்கம்" என்றும் "ஒளிச்சேர்க்கை" என்றும் அறிந்து வைத்த கருத்துகள் எல்லாம் ஒரே நாளில் புதிய பெயர்களோடு வந்து நிற்கின்றன. நன்றாகப் படித்த பிள்ளையும் முதல் ஆண்டில் தடுமாறுவது இதனால்தான். பெற்றோர் இதைக் கண்ணால் பார்த்துவிட்டனர். ஆகவே, கடன் வாங்கியாவது அடுத்த பிள்ளையை ஆங்கில வழித் தனியார் பள்ளியில் சேர்க்கின்றனர். அவர்களைத் தமிழ்ப் பற்று இல்லாதவர்கள் என்று குறை கூறுவது நியாயம் ஆகாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கர்நாடகத்தில் தொழிற்கல்விச் சேர்க்கையில் கன்னட வழியில் படித்தவர்களுக்கு 5 சதவீதமும், கிராமப்புறங்களில் படித்தவர்களுக்கு 15 சதவீதமும் ஒதுக்கீடு உள்ளது. தங்கவயல் தமிழ் வழி மாணவர் கன்னட வழியில் படித்தவர் அல்லர். ஊரோ ராபர்ட்சன்பேட்டை நகராட்சி எல்லைக்குள் வருவது. எனவே கிராமப்புற மாணவரும் அல்லர். கிராமத்துப் பள்ளிக்கு உள்ள எல்லாக் குறைகளும் அவருக்கு உண்டு. கிராமத்துப் பள்ளிக்கு உள்ள சலுகை மட்டும் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளின் தாக்கம்: தொடக்க வகுப்புகளில் தாய்மொழி அல்லது கன்னடமே பயிற்று மொழி என்று 1994-ல் கர்நாடக அரசு ஆணையிட்டது. நீண்ட வழக்குக்குப் பின், 2014 மே 6-ம் தேதி நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, தாய்மொழி வழிக் கல்வியை அரசு கட்டாயப்படுத்த இயலாது என்று தீர்ப்பளித்தது. பயிற்று மொழியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின், குழந்தையின் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். அந்த உரிமை மறுக்கக் கூடியதல்ல. ஆனால், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வலுப்பெற்ற அளவுக்கு, தமிழைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஆசிரியரைத் தரும் கடமை வலுப்பெறவில்லை. 350-ஏ பிரிவு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதும் பத்தும் இரண்டு பாதுகாப்புகளுக்கும் வெளியே நிற்கின்றன.

2015-ல் இயற்றப்பட்ட கன்னட மொழி கற்றல் சட்டம் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. தங்கவயல் தமிழர்கள் கன்னடம் கற்பதை எதிர்க்க எந்தக் காரணமும் இல்லை. மாநில அரசு வேலை, காவல் துறை, நீதிமன்றம், வட்டாட்சியர் அலுவலகம் அனைத்தும் கன்னடத்தில் இயங்கும்போது, கன்னடம் அறியாத பிள்ளை சொந்த ஊரிலேயே அன்னியன் ஆகிவிடும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் மாவட்டம் கோலார். கன்னடத்தை நன்கு கற்பிக்க ஆசிரியரைத் தராமல், தேர்வில் மட்டும் கட்டாயமாக்கினால், அது மொழி வளர்ச்சி ஆகாது; தோல்விக்கு இன்னொரு பாடம் சேர்த்தது போலாகும்.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. 2006-ல் தமிழ்நாடு அரசு தமிழ் கற்றல் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் மாணவர்கள் இதே முறையீட்டோடு நீதிமன்றம் சென்றனர். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குத் தற்காலிக விலக்கை நீட்டித்தது. ஓசூரில் ஒரு நியாயம், அங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத தங்கவயலில் வேறு நியாயம் என்று இருக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்பதை, இந்தப் பக்கம் கன்னடப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும் தருபவருக்கே கேட்கும் தகுதி உண்டு.

சயனைடு மேட்டில் இருந்து பள்ளிக்கு: தங்கவயலில் தாது அரைத்துக் கொட்டப்பட்ட சயனைடு மண் மேடுகள் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு மண் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. எஞ்சிய தங்கத்தை அவற்றில் இருந்து எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது.

2015-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம், சுரங்கப் பணியால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தியது. குத்தகைதாரர் அரசுக்குச் செலுத்தும் உரிமத் தொகையோடு, அதில் குறிப்பிட்ட பங்கை இந்த அறக்கட்டளைக்கும் செலுத்த வேண்டும். நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை குடிநீர், சுகாதாரம், கல்வி முதலான முன்னுரிமைத் துறைகளில் செலவிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பின்னர் அது 70 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மண் மேடுகள் ஏலம் போகும் நாளில், அந்தப் பணத்தில் ஒரு பகுதி அதே ஊரின் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். ஏலம் முடிந்த பிறகு கேட்டால், 2001-ல் நடந்ததே மீண்டும் நடக்கும்.

செய்யக் கூடியவை: பெரும் செலவில்லாமல் செய்யக் கூடியவை சில உண்டு. முதலாவது, 25 பேருக்குக் குறைவாகத் தேர்வு எழுதும் பள்ளிகளை ஓராண்டு விகிதத்தால் எடை போடாமல், மூன்றாண்டுக் கூட்டுக் கணக்கால் மதிப்பிடலாம். இரண்டாவது, ஒரு பள்ளிக்கு ஒரு கணித ஆசிரியரைத் தர முடியாவிட்டால், அருகருகே உள்ள மூன்று பள்ளிகளுக்கு ஒருவரை நிரந்தரமாக நியமித்து, நாள் பிரித்து அனுப்பலாம். மூன்றாவது, எட்டாம் வகுப்பில் இருந்தே அறிவியல், கணிதக் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துக் கற்பித்து, பி.யு.சி.க்குள் நுழையும் முன் இணைப்பு வகுப்பு நடத்தலாம். நான்காவது, மாலையில் ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்காகப் பள்ளியிலேயே விளக்கும் சிற்றுண்டியும் ஓர் ஆசிரியரும் இருக்கும் படிப்பு நேரத்தை ஏற்பாடு செய்யலாம்.

மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் பதவி அரசியல் சட்டத்தின் 350-பி பிரிவின் கீழ் 1957-ல் ஏற்படுத்தப்பட்டது. அவரது அறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். மாநில அரசு தரும் பள்ளி எண்ணிக்கையை அந்த அறிக்கையில் படிப்பதோடு நிறுத்தாமல், தமிழக உறுப்பினர்கள் அவையில் கேட்கக் கூடிய எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. தங்கவயலின் தமிழ் வழி உயர்நிலை வகுப்புகளில், அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? கட்சி வேறுபாடின்றி யாரும் கேட்கலாம். காங்கிரஸ், இடதுசாரிகள், குடியரசுக் கட்சி, பாரதிய ஜனதா, அ.தி.மு.க. எனப் பல கட்சிகளுக்கும் வெற்றியைத் தந்த தொகுதி அது என்பது குறிப்பிடத்தக்கது.

சுரங்கத்தில் தங்கம் குறைந்தபோது, ஒரு டன் தாதுவில் எத்தனை கிராம் கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்து, கட்டுப்படியாகாது என்று மூடினார்கள். வணிக நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். 12 பிள்ளைகள் படிக்கும் பத்தாம் வகுப்புக்கு அந்தக் கணக்கைப் போடும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது.